மகளுக்குச் செலோ: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

செங்காங் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு உயர்நிலை 1இல் சேர்ந்திருக்கிறாள். இணைப்பாட நடவடிக்கையாகத் தந்தி இசைக்குழுவைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே அவள் கைக்கு வந்தது செலோ, வயலின் குடும்பத்தில் உட்கார்ந்து வாசிக்கும் பெரிய கருவி. பள்ளிக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. வாரத்திற்கு இரண்டு முறை மட்டும் வாசித்தால் விரல் படியாது என்று பயிற்றுநரும் சொல்லிவிட்டார். ஆகவே வீட்டுக்கென ஒரு செலோ தேவைப்படுகிறது.

என் தந்தையார் நாற்பது ஆண்டுகளாகக் கர்நாடக முறையில் வயலின் வாசிப்பவர். தந்தி, வில், குதிரை (தந்திகளைத் தாங்கும் சிறு பலகை), பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) போன்ற சொற்கள் எங்கள் வீட்டுக்குப் புதியவை அல்ல. ஆனாலும் கடைக்குள் நுழைந்ததும், எங்களுக்குத் தெரிந்தது போதவில்லை என்பது உடனே புரிந்தது. ஒரு கடையில் வில், பை, ரோசின் (வில்லின் முடியில் தேய்க்கும் பிசின்) எல்லாம் சேர்த்து 900 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒன்றைக் காட்டினார்கள். இன்னொரு கடையில் வில் இல்லாமலே 3,200 வெள்ளி. இரண்டும் ஒரே நிறம், ஒரே பளபளப்பு. இரண்டாவது கருவியின் நாதம் மேலானது என்பது காதில் பட்டது. ஆனால் அந்த மேன்மை மரத்திலிருந்து வந்ததா, தந்தியிலிருந்து வந்ததா, விற்பனையாளரின் கைத்திறனிலிருந்து வந்ததா என்று எங்களால் பிரித்தறிய இயலவில்லை.

மகளின் உயரம் 148 செ.மீ. “வளரும் பிள்ளை, முழு அளவையே வாங்கிவிடுங்கள்” என்று ஒரு கடையில் அறிவுரை கூறினார்கள். அது சரியா? வில்லுக்கும் தந்திக்கும் தனியே செலவிட வேண்டுமா? எங்களுடையது நான்கறை வீடு. படுக்கையறையில் இரவில் மட்டும் குளிர்சாதனம் ஓடும், பகலில் சன்னல்கள் திறந்தே இருக்கும். இந்தச் சூழலில் மரக்கருவியை எப்படிக் காப்பது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நான்காம் விரல் எழுதியது:

வணக்கம் சகோதரி. பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் செலோ கற்பித்து வருகிறேன். முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எந்தத் தவற்றையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். பொருந்தாத அளவில் பழகிய கையைத் திருத்துவது மிகவும் கடினம்.

148 செ.மீ. உயரத்திற்குப் பெரும்பாலும் 3/4 அளவுதான் பொருந்தும். ஆனால் உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மெத்தை இல்லாத, தட்டையான நாற்காலியின் முன்விளிம்பில் மகளை உட்காரச் செய்யுங்கள். பாதங்கள் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும். எண்ட்பின்னை (கருவியின் அடியில் தரையில் ஊன்றும் கம்பி) தேவையான அளவு வெளியே இழுத்துக் கருவியைச் சாய்த்தால், அதன் மேல்விளிம்பு நெஞ்செலும்பின் நடுவில் வந்து அமர வேண்டும். மிகத் தடித்த தந்தியான சி தந்தியின் பிரடை இடது காதுக்குப் பின்புறம் நிற்க வேண்டும். முழங்கால்கள் உடலின் இடுப்பு வளைவுக்குக் கீழே இருபுறமும் இயல்பாகத் தொட வேண்டும். பிரடை தலையில் இடித்தாலோ, பிள்ளை கழுத்தை ஒருபுறம் ஒதுக்கிக்கொண்டாலோ அந்தக் கருவி அவளுக்குப் பெரியது.

அடுத்து இடது கை. முழு அளவுச் செலோவில் குதிரைக்கும் தலைப்பக்கக் கட்டைக்கும் இடையே அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 69 செ.மீ. அதன் முதல் நிலையில், அதாவது கை கழுத்தின் மேல்முனையில் நிற்கும்போது, ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையே கிட்டத்தட்ட 10 செ.மீ. விரிவு வேண்டும், விரித்து வாசிக்கும் இடங்களில் அது 13 செ.மீ.யைத் தாண்டிவிடும். வளர்ந்தவர்களே தொடக்கத்தில் திணறும் தூரம் இது. 3/4 கருவியில் முதல் விரிவு ஏறக்குறைய 9 செ.மீ.தான். ஒரு சென்டிமீட்டர் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். ஆனால் அந்த ஒரு சென்டிமீட்டருக்காகப் பிள்ளை மணிக்கட்டை உள்ளே மடிக்கிறாள், கட்டைவிரலால் கழுத்தை இறுகப் பிடிக்கிறாள், நான்காம் விரலான சுண்டு விரல் எப்போதும் சுருதிக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. காலப்போக்கில் காதும் அந்தக் குறைந்த சுரத்தையே சரியென்று ஏற்றுக்கொள்கிறது.

மகள் இரண்டொரு ஆண்டில் முழு அளவுக்கு மாறிவிடுவாள் என்பதால், 3/4 கருவியை விலைக்கு வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள் என்பதே என் கருத்து. வாடகை ஒப்பந்தத்தில் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தந்தி அறுந்தால் செலவு யாருடையது, பள்ளி விடுமுறையில் திருப்பித் தரலாமா, பின்னர் முழு அளவு வாங்கும்போது கட்டிய வாடகையில் ஒரு பகுதியைக் கழிப்பார்களா.

வாடகைக் கருவி என்றாலும் இரண்டு மூன்றை ஒப்பிட்டே எடுங்கள். நீங்கள் கடையில் உணர்ந்த குழப்பத்திற்குக் காரணம், ஒரே நேரத்தில் எல்லாமே மாறியதுதான். செலோக்களை ஒப்பிடும்போது ஒரே வில்லைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். வில்களை ஒப்பிடும்போது ஒரே செலோவை வைத்துக்கொள்ளுங்கள். மெட்டு எதுவும் வேண்டாம். நல்ல கைக்காரர் எந்தக் கருவியிலும் மெட்டை இனிமையாக்கிவிடுவார். திறந்த தந்திகள் நான்கையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வில் என்ற கணக்கில், மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் நான்கு மீட்டர் தள்ளி, முதுகைத் திருப்பி நின்று கேளுங்கள். வில் பட்டவுடன் நாதம் எழுகிறதா, அல்லது ஒரு கணம் உரசிய பிறகுதான் எழுகிறதா என்பதைக் கவனியுங்கள். நான்கு தந்திகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்போல் ஒலிக்க வேண்டும். ஏ தந்தி கூச்சலிட்டு, சி தந்தி போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

இதற்கு உங்கள் தந்தையாரைவிடச் சிறந்த துணை கிடைக்காது, கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். அவர் வயலினை ச-ப-ச-ப என்று கூட்டுவார். செலோவில் தடித்த தந்தியிலிருந்து சி, ஜி, டி, ஏ என்று, ஒவ்வொரு தந்தியும் முந்தையதற்குப் பஞ்சமமாக நிற்கும். மேலைநாட்டு முறையில் கூட்டிய வயலினின் ஏ தந்திக்கு ஒரு ஸ்தாயி கீழே செலோவின் ஏ தந்தி நிற்கிறது. இதை மட்டும் சொல்லிவிட்டால் மற்றதை அவர் காதே பார்த்துக்கொள்ளும்.

மரமும் வச்சிரமும் எழுதியது:

மேலே ஆசிரியர் சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். வயலின் குடும்பக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். ஆகவே மரத்தின் பக்கமிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

900 வெள்ளிக்கும் 3,200 வெள்ளிக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பகுதி, பலகையில் இருக்கிறது. நல்ல செலோவின் முகப்பு ஸ்ப்ரூஸ் மரத்திலும், முதுகும் பக்கங்களும் மேப்பிள் மரத்திலும் செதுக்கப்படுகின்றன. மலிவானவை ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தி வளைத்தவை. முகப்பில் எஃப் வடிவில் இருக்கும் ஒலித்துளையின் விளிம்பைக் கைப்பேசி விளக்கில் பாருங்கள். மரத்தின் கோடுகள் மேலிருந்து வெட்டுப்பகுதி வழியாகத் தொடர்ந்து இறங்கினால் அது முழுமரம். சப்பாத்தியை அடுக்கியதுபோல் கிடைமட்டமாக அடுக்குகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகையை நான் இழிவாகச் சொல்லவில்லை. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் அது எளிதில் வெடிக்காது. பலர் கை மாறும் பள்ளிக் கருவிக்கு அது பொருத்தமானதே. ஆனால் அதை முழுமரத்தின் விலைக்கு விற்கக் கூடாது.

விரற்பலகை கருங்காலியாக இருந்தால் நல்லது. மென்மையான மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறார்களா என்பதை அறிய, கடைக்காரரின் அனுமதியுடன் அதன் கீழ்ப்பக்கத்தை ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

விலையில் மற்றொரு பகுதி, கண்ணுக்கு எளிதில் தெரியாத வேலை. குதிரையைச் செதுக்கிப் பொருத்துவது, உள்ளே நிற்கும் குச்சியைச் சரியான இடத்தில் நிறுத்துவது, பிரடைகளைத் துளைக்கேற்பச் சீவுவது ஆகிய மூன்றும் ஒரு தேர்ந்த கைக்கு ஒரு முழு நாள் வேலை. இந்த வேலை நன்றாகச் செய்யப்பட்ட எளிய செலோ, அரைகுறையாகச் செய்யப்பட்ட விலையுயர்ந்த செலோவைவிடப் பிள்ளைக்கு நல்ல துணையாக இருக்கும். குதிரையின் பாதங்கள் முகப்போடு இடைவெளி இல்லாமல் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்; ஒரு தாள் நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. விரற்பலகை முடியும் இடத்தில் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை ஓர் அளவுகோலால் அளந்துவிடுங்கள். எஃகுத் தந்திகளுக்கு ஏ பக்கம் 5 மி.மீ.யும் சி பக்கம் 8 மி.மீ.யும் ஒட்டி இருப்பது இயல்பு. அதைவிட மிக உயர்ந்திருந்தால் பிள்ளையின் விரல் நுனி வலிக்கும். அந்த வலியைச் சோம்பல் என்று பெற்றோர் தவறாக எண்ணிக் கண்டித்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உள்ளே நிற்கும் குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ தந்திப் பக்கக் குதிரைப் பாதத்திற்குச் சற்றுப் பின்னால், முகப்புக்கும் முதுகுக்கும் இடையே, பசை ஏதுமின்றி இறுக்கத்தால் மட்டும் நிற்கும் சிறு ஸ்ப்ரூஸ் குச்சி அது. தந்திகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் அது விழுந்துவிடலாம். ஆகவே தந்தி மாற்றும்போது ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். உள்ளே ஏதோ உருளும் ஓசை கேட்டால் தந்திகளைத் தளர்த்திவிட்டு உடனே பழுதுபார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இனி ஈரப்பதம். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். குளிர்சாதன அறையில் அது 60 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடும். மரம் ஈரத்தை உறிஞ்சினால் அகலவாக்கில் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். பகலில் பிரடை துளைக்குள் இறுகிக்கொண்டு திரும்ப மறுப்பதும், குளிர்சாதன அறையில் அதே பிரடை நழுவித் தந்தி தளர்வதும் இதனால்தான். இந்தக் கருவிகளை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையால் ஒட்டுகிறார்கள்; நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்வதே அது. இறுக்கம் மிகும்போது மரம் வெடிப்பதற்கு முன்பே பசை விட்டுக்கொடுக்கும். விளிம்பு திறந்துகொண்டால் அச்சப்பட வேண்டாம். அது பாதுகாப்புக்கான ஏற்பாடு, மீண்டும் ஒட்டிவிடலாம். மாதம் ஒருமுறை விளிம்பைச் சுற்றி விரல் மூட்டால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்ற இறுகிய ஓசை ஓரிடத்தில் மட்டும் ‘சட’ என்று தளர்ந்து கேட்டால் அங்கே பிரிந்திருக்கிறது என்று பொருள்.

ஈரப்பதத்தின் அளவைவிட அதன் ஏற்ற இறக்கமே கெடுதல். இரவில் குளிர்சாதனம், பகலில் திறந்த சன்னல் என்று ஊசலாடும் படுக்கையறையைவிட, வெயில் படாத கூடத்துச் சுவரோரம் செலோவுக்கு ஏற்றது. பையிலோ பெட்டியிலோ மூடியே வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் ஒரு சிறிய ஈரப்பதமானியும் இருக்கட்டும். வாகனத்தில் பத்து நிமிடம்கூட விட்டுச் செல்லாதீர்கள். நண்பகல் வெயிலில் பசை இளகிவிடும்.

வில்லைப் பொறுத்தவரை மாணவருக்குக் கார்பன் ஃபைபர் வில்லைப் பரிந்துரைக்கிறேன். உயர்ந்த வில்கள் பிரேசில் நாட்டுப் பெர்னம்புகோ மரத்தில் செய்யப்படுபவை. அம்மரம் அழிவின் விளிம்பில் இருப்பதால் 2007 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது, விலையும் அதற்கேற்றபடி. கார்பன் வில் நம் ஈரத்தில் கோணாது. செலோ வில் ஏறத்தாழ 80 கிராம் இருக்கும். கைப்பிடிப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் நுனியை நோக்கிப் பார்த்தால் தண்டு இடமோ வலமோ விலகாமல் நேராக ஓட வேண்டும். வாசித்து முடித்ததும் முடியைத் தளர்த்துவது கட்டாயம். வில்லில் கட்டிய குதிரைவால் முடியும் ஈரத்தில் நீளும். திருகை முழுதும் திருகிய பிறகும் முடி இறுகவில்லை என்றால் புதிய முடி கட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தந்திகள் பெரிய செலவுதான். ஆனால் மலிவான கருவியின் நாதத்தை ஒரே நாளில் மாற்றக்கூடியவையும் அவையே. அமெரிக்காவின் டடாரியோ ஹெலிகோர், டென்மார்க்கின் யார்கர் ஆகியவை மாணவருக்குப் போதும். டென்மார்க்கின் லார்சன் தந்திகளை மேலிரண்டுக்கும் வியன்னாவின் தோமாஸ்டிக் ஸ்பிரோகோரைக் கீழிரண்டுக்கும் கட்டும் வழக்கம் தொழில்முறைக் கலைஞர்களிடம் உண்டு. அது இப்போது உங்களுக்குத் தேவையில்லை. தந்திகளின் கீழ்முனையைப் பிடிக்கும் டெயில்பீஸிலேயே நான்கு ஃபைன் டியூனர்களும் (சுருதியை நுட்பமாகச் சரிசெய்யும் திருகுகள்) அமைந்ததாக இருக்கட்டும், பிள்ளை தானே சுருதி சேர்த்துக்கொள்வாள். ரோசினில் கறுத்த, மென்மையான வகையைத் தவிர்த்து, வெளிர்நிறமான கெட்டி வகையை வாங்குங்கள். மென்மையானது நம் வெப்பத்தில் பிசுபிசுத்து முடியில் திட்டுத்திட்டாக ஒட்டும். வாசித்து முடித்ததும் தந்தியிலும் முகப்பிலும் படிந்த வெள்ளைத் தூளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அது வார்னிஷோடு ஒன்றிவிடும்.

நாற்பதில் செலோ எழுதியது:

ஜூரோங்கிலிருந்து எழுதுகிறேன். நாற்பது வயதைக் கடந்த பிறகு கற்கத் தொடங்கினேன். நான் செய்த தவறு உங்களுக்கு உதவக்கூடும். படத்தைப் பார்த்து இணையத்தில் ஒரு செலோவை வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோது குதிரை தனியே ஒரு தாளில் சுற்றப்பட்டிருந்தது. உள்ளே குச்சி விழுந்து உருண்டுகொண்டிருந்தது. குதிரையை நானே நிறுத்தித் தந்திகளை முறுக்கினேன். ஒரு தந்தியைச் சுருதிக்குக் கொண்டுவருவதற்குள் முந்தைய தந்தியின் பிரடை ‘டர்ர்’ என்று சுழன்று தளர்ந்துவிட்டது. குதிரை மெல்ல மெல்ல விரற்பலகைப் பக்கம் சாய்ந்து, மூன்றாம் நாள் வெடியோசையுடன் விழுந்து முகப்பில் ஒரு வடுவை ஏற்படுத்தியது. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்த தொகை, வாங்கிய விலையில் பாதிக்கு மேல். தந்தியை முறுக்க முறுக்கக் குதிரை முன்னே இழுபடும் என்பதையும், அவ்வப்போது இரு கைகளாலும் மெல்லப் பின்னே நிமிர்த்த வேண்டும் என்பதையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

இன்னொன்று. ஒலித்துளை வழியாகத் தொங்கவிடும் ஈரக்குழாய் ஒன்றை வெளிநாட்டுக் காணொளிகளில் வலியுறுத்துவார்கள். அது வறண்ட குளிர்கால நாடுகளுக்கு உரியது. நானும் வாங்கிப் போட்டேன். இரண்டே வாரத்தில் உட்புறம் பூஞ்சை மணம் வீசியது. நமக்கு அது வேண்டவே வேண்டாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பளிங்கு ஓட்டுத் தரையில் எண்ட்பின் வழுக்கிக்கொண்டு ஓடும். ரப்பர் முனையும் நிற்காது. நாற்காலியின் முன்கால்களில் மாட்டும் பட்டை ஒன்று விற்கிறது, அதையே வாங்குங்கள். எண்ட்பின் வழியாக அதிர்வு தரைக்குள் இறங்கி, கீழ்வீட்டுக்காரருக்கு நம் சி தந்தி தெளிவாகவே கேட்கும். அடர்த்தியான பாய் ஒன்றை விரித்து அதன்மேல் நாற்காலியையும் கருவியையும் வைத்த பிறகு எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி ஓசை பாதியாகக் குறைந்துவிட்டது என்றார். இரவு நேரத்திற்குக் குதிரைமேல் பொருத்தி ஓசையைக் குறைக்கும் ரப்பர் மியூட்டும் இருக்கிறது.

செங்காங் அம்மா எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டே சென்ற சனிக்கிழமை அப்பாவுடன் கடைக்குப் போனோம். 3/4 அளவில் மூன்று செலோக்களை ஒரே வில்லால் வாசிக்கச் சொன்னோம். அப்பா கண்களை மூடிக்கொண்டு கேட்டார். முதலாவதைக் கேட்டதும் “சத்தம் இருக்கிறது, கார்வை இல்லை” என்றார். மூன்றாவதன் சி தந்தியில் வில் நின்ற பிறகும் நாதம் சற்று நேரம் தங்கியது. அவர் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தி அதுதான் என்று காட்டினார். மகள் உட்கார்ந்து பார்த்தாள். பிரடை காதுக்குப் பின்னால் சரியாக நின்றது. ஏ பக்கம் 7 மி.மீ. இருந்ததை அளந்து சொன்னதும், கடைக்காரர் மறுப்பின்றிக் குதிரையைச் சீவிக் கொடுத்தார். மாத வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வில் மட்டும் கார்பன் ஃபைபரில் சொந்தமாக வாங்கினோம்.

ஓர் ஐயம். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆசையாக நாற்காலியில் அமர்ந்து, ஜி தந்தியில் விரலை வயலினில் இழுப்பதுபோலவே மேலே இழுத்துக்கொண்டு போனார். ஏறத்தாழ எஃப் சுரத்தை நெருங்கும்போது மட்டும் நாதம் தடுமாறி உறுமியது. அதைத் தாண்டியதும் மீண்டும் தெளிந்துவிட்டது. மூன்று முறையும் அதே இடத்தில். கருவியில் குறை இருக்கிறதா? திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

மரமும் வச்சிரமும் எழுதியது:

திருப்பிக் கொடுக்க வேண்டாம். உங்கள் தந்தையார் முதல் நாளே கண்டுபிடித்தது, செலோக்காரர்கள் ஓநாய்ச் சுரம் என்று சொல்லும் ஒன்று. கருவியின் உடலுக்கென்று இயற்கையாக ஓர் அதிர்வு உண்டு. தந்தியின் சுரம் அதோடு நெருங்கும்போது, தந்தியும் பலகையும் ஒன்றின் ஆற்றலை மற்றொன்று மாறி மாறி இழுத்துக்கொள்கின்றன. அந்த இழுபறியே உறுமலாகக் கேட்கிறது. செலோவில் பெரும்பாலும் ஈ முதல் எஃப் ஷார்ப் வரையுள்ள பகுதியில் இது வரும். மிகச் சிறந்த செலோக்களிலும் இது உண்டு. நன்றாக அதிரும் மெல்லிய பலகையின் அடையாளம் என்றுகூடச் சிலர் கொள்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், ஆனால் இது உடைப்போ பிரிவோ அல்ல என்பது உறுதி. ஐயம் தீர, விளிம்பை மட்டும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.

அந்தச் சுரம் மகளின் பாடத்தில் வர இன்னும் பல மாதங்கள் ஆகும். வரும்போது முழங்கால்களால் கருவியின் பக்கங்களைச் சற்று அழுத்திக்கொண்டு வாசித்தாலே உறுமல் குறையும். போதவில்லை என்றால், உள்ளே ரப்பர் குழல் வைத்த சிறிய பித்தளைக் குழாய் ஒன்று விற்கிறது. குதிரைக்கும் டெயில்பீஸுக்கும் இடையே உள்ள ஜி தந்திப் பகுதியில் அதைக் கோத்து, திருகைச் சற்றே தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் நகர்த்துவது, அப்பாவை எஃப் வாசிக்கச் சொல்வது, மீண்டும் ஒரு மில்லிமீட்டர் நகர்த்துவது என்று பொறுமையாகத் தேடுங்கள். உறுமல் அடங்கும் இடத்தில் திருகை இறுக்குங்கள். ரப்பர் குழல் தந்தியை முழுதும் மூடியிருக்க வேண்டும், பித்தளை தந்தியில் நேரடியாகப் படக் கூடாது. பட்டால் வேறொரு சிணுங்கல் ஓசை தொடங்கிவிடும்.